தரணீதரனுக்கு 'டி' வரவில்லை

கலைமகள் எழுதும் காதல் கதையின் நாயகன் தரணீதரன் ஆறடி உயரம். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி, முன்கோபக்காரன். கறுப்புக் காரில் வந்து இறங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். எல்லாம் சரிதான், வாயைத் திறந்தால்தான் வம்பு. காதலியின் மேல் கொலைவெறியில் இருக்கும்போதுகூட, "உங்களைக் கொன்னு போடுவேனுங்க" என்பான்.

அவன் என்ன செய்வான் பாவம்! அவனைப் படைத்தவள் அப்படி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில், அட்டைப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கதை தட்டுவாள். பக்கத்து சீட்டு சுப்பாத்தாள் எட்டிப் பார்த்து, "இன்னைக்காச்சும் அந்தப் புள்ள சரின்னு சொல்லுமா?" என்று கேட்பாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்துவிடும். இப்படியே எழுதி எழுதி இணையத்தில் ஏழெட்டுக் கதைகள் போட்டுவிட்டாள். படிக்கிறவர்களும் உண்டு. ஆனால் அவளுக்கு ஆசை அதில் இல்லை. கையில் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு புத்தகம், அட்டையில் தன் பெயர், அதுதான் வேண்டும்.

அந்த ஆசைக்கு வழி பிறந்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்திலிருந்து அனுப்ரியா என்ற பெண் போன் செய்தாள்.

"கதை நல்லா இருக்கு மேடம். ஆனா ஹீரோ என்ன, லோன் வாங்க வந்தவன் மாதிரி பேசறான்? வாங்க, போங்க, சொல்லுங்கன்னு. எங்க வாசகிங்களுக்கு ஹீரோன்னா 'வாடி போடி'ன்னு உரிமையாப் பேசணும். அதை மாத்திக் கொடுங்க, போட்டுடலாம்."

மாற்றாவிட்டால்? அதை அனுப்ரியா சொல்லவில்லை, கலைமகளும் கேட்கவில்லை.

'டி' என்பதை அவள் காதால் கேட்டதுண்டு. தோழிகள் சொல்வார்கள், அம்மா வையும்போது சொல்வாள். ஆனால் ஆண் வாயிலிருந்து, அதுவும் ஆசையாக? அவள் கணவர் முருகேஷ், அயர்ன் மாஸ்டர், தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க சாமி" என்று விரட்டுகிற மனிதர். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளை ஒருமுறைகூட 'நீ' என்றதில்லை. இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவரிடமே கேட்டாள்.

"மாமா, என்னை ஒரே ஒருக்கா 'டி' போட்டுக் கூப்புடுங்க. எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்."

"எதுக்குங்க? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"கதைக்குங்க."

முருகேஷ் தொண்டையைச் செருமினார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். சுவரில் இருந்த முருகன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கலை… இங்க வாங்கடி."

"யாரைக் கூப்புடறீங்க? எம்பின்னாடி நாலு பேரு நிக்கறாங்களா?"

"நாக்குப் பொரள மாட்டேங்குதுங்க. விட்டுப் போடுங்க" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

அப்புறம்தான் கலைமகளுக்கு அந்த யோசனை வந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரன் கடைசி நேரத்தில் நிறத்தின் பெயரை மாற்றச் சொன்னால் அவள் ஒவ்வொரு ஸ்டிக்கராகவா திருத்துகிறாள்? பழைய வார்த்தையை ஒரு கட்டத்தில், புதிய வார்த்தையை இன்னொரு கட்டத்தில் போட்டு ஒரு தட்டு தட்டினால் மொத்தமும் மாறிவிடும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் நாவலைத் திறந்தாள். 'ங்க' வருகிற இடமெல்லாம் 'டி' என்று மாற்றினாள். 'வாங்க' எல்லாம் 'வாடி' ஆயிற்று, 'போங்க' எல்லாம் 'போடி' ஆயிற்று. ஆஹா என்று அப்படியே சென்னைக்கு அனுப்பிவிட்டு, தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கக் கூடாதா? அவசரக்குடுக்கை.

அடுத்த நாள் அனுப்ரியா கூப்பிட்டபோது அவளால் பேசவே முடியவில்லை, அப்படிச் சிரித்தாள்.

"மேடம், ஹீரோ அம்மா கால்ல விழுந்து 'ஆசீர்வாதம் பண்ணுடி'ங்கறான். கோயில் ஐயரை 'மந்திரம் சொல்லுடி'ங்கறான். அவன் தங்கச்சி எல்லா இடத்திலயும் தடிச்சி ஆயிட்டா. மாங்கல்யம் மாடில்யமா ஆயிருக்கு. ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்குது!"

கலைமகளுக்குக் காதெல்லாம் சுட்டது. பூமி பிளந்தால் பேக்கிங் செக்ஷனோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அனுப்ரியா நல்ல பெண்தான். "பழைய ஃபைல் எங்கிட்ட இருக்கு, அனுப்பறேன். ஹீரோ பேசறதை மட்டும் ஒவ்வொண்ணாப் பார்த்து மாத்துங்க. திங்கட்கிழமை வேணும்" என்று வைத்தாள். ஆனால் ஓர் ஆபீஸே சிரித்ததை எப்படி மறப்பது? அன்று பஸ்ஸில் கலைமகள் போனைத் தொடவில்லை. சுப்பாத்தாள் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளிடம் முருகேஷ் விஷயத்தைக் கேட்டு வாங்கினார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை லீவுதானுங்க. நான் தரணீதரன் பேசறதைப் படிக்கறேன், நீங்க மாத்துங்க" என்றார். மனைவி எழுதிய காதல் கதையை வெட்கத்தில் அவர் அதுவரை படித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். முருகேஷ் அவள் போனை எட்டிப் பார்த்து, நியூஸ் வாசிக்கிற மாதிரி காதல் வசனம் வாசித்தார். இடையிடையே, "சாப்புட்டீங்களான்னு கேக்கற எடத்துல எப்படிங்க 'டி' போடறது?" என்று நியாயம் பேசினார். "நியாயம் வேண்டாமுங்க, படிங்க" என்று கலைமகள் மாற்றிக்கொண்டே வந்தாள். மதியத்துக்குள் தரணீதரன் ஒருவழியாக ரவுடி ஆகியிருந்தான்.

கடைசி அத்தியாயம். கதாநாயகி தேஜஸ்ரீக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அவள் அழுகிறாள். முருகேஷ் படித்தார்.

"'அழுவாதீங்க. எனக்கு நீங்க போதுங்க.'"

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், அவிநாசி தாண்டி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தை அது. அவள் அப்போது பதிலே பேசவில்லை. காதில் விழுந்ததோ இல்லையோ என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்திருந்தார்.

"இது… நான் சொன்னதுங்களா?"

"ஆமாங்க."

முருகேஷ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதையும் மாத்திப் போடுங்க. புக்கு வரோணுமில்லீங்களா?" என்றார். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே சொல்லியும் காட்டினார். "அழுவாதடி. எனக்கு நீ போதும்டி." இந்த முறை நாக்குத் தடுக்கவில்லை. முழுசாக, ஒரு பிழையில்லாமல் சொன்னார். அவளுக்காக எத்தனை நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தாரோ!

கலைமகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனைக் கையில் எடுத்தாள். காலையிலிருந்து திருத்திய அத்தனையையும் அழித்தாள். பழைய கதையையே எடுத்து, 'தரணீதரன் இப்படித்தான் பேசுவானுங்க. பிடிச்சாப் போடுங்க' என்று எழுதி சென்னைக்கு அனுப்பினாள்.

முருகேஷ் பதறிப்போனார். "ஏனுங்க இப்படிப் பண்ணிப் போட்டீங்க? புக்கு வரலீன்னா?"

"வரலீன்னாப் போகுது. எனக்கு நீங்க போதுங்க."

முருகேஷுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. 'அப்படியே போட்டுடலாம் மேடம்' என்று அனுப்ரியாவின் பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் கலைமகள் நன்றாகத் தூங்கினாள். முருகேஷ்தான் தூங்கவில்லை.