பேரம் முடிவதற்குள் காய்ந்த பசை

கறார் அக்கா என்று தெரு வைத்த பெயர் அவளுக்குப் பொருத்தமானதுதான். செருப்பு தைக்கக் கொடுக்கப் போனால் கூடவே கிழிந்த குடையையும் நீட்டி, "இதுல ஒரே ஒரு தையல்தானே" என்று ஓசியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளைக் கட்டிக்கொண்ட சோபாக்காரர், கடையில் கிடக்கிற அந்தக் கனத்த தையல் மெஷினைக் கடனில் வாங்கியபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய? நாலு தவணை தவறியதும் அபராதம் என்று ஒன்று முளைத்துத் தவணையை விடப் பெரிதாக வளர்ந்து நின்றது.

வசூலுக்கு வருகிற தம்பி அதற்கும் ஒரு படி மேல். போன வாரம் அவளுடைய மாமியாருக்கே போன் போட்டு, "உங்க மகன் வாங்கின கடனை மருமக கட்ட விட மாட்டேங்கறாங்க" என்று வத்தி வைத்துவிட்டான். மாமியார் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் சொல்லித் தீர்த்தாள். அன்று ராத்திரி கறார் அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். கணவரிடம் தலைவலி என்று சொன்னாள்.

இன்றைக்கு மறுபடியும் பைக் சத்தம் கேட்டது. சோபாக்காரர் நீளமான ஒரு இருக்கையின் பலகையில் அப்போதுதான் பசை தடவி முடித்திருந்தார். மேலே மெத்தை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. சத்தம் கேட்டதும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஒரு பெரிய சோபாவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டார். பிறகுதான் கறார் அக்கா உள் அறையிலிருந்து வந்தாள்.

சோபாக் கடைக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை.

"உட்காருங்க தம்பி."

மற்ற நாளில் உட்காராதவன், இன்றைக்கு வெயிலில் அலைந்து வந்த களைப்பில் அந்தப் பலகையிலேயே தொப்பென்று உட்கார்ந்தான். சோபாவுக்குப் பின்னாலிருந்தவருக்குப் பகீரென்றது. வாயைத் திறந்தால் தான் இருப்பது தெரிந்துவிடுமே! மூடிக்கொண்டார்.

"அக்கா, சாயங்காலம் வேன் வருது. மெஷினை ஏத்திடுவோம்."

மெஷின் போனால் அடுப்பும் அணைந்தது. அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தாள்.

"அபராதத்தைத் தள்ளிடுங்க. பாக்கியை மாசாமாசம் பிரிச்சுக் கட்டறேன்."

"என் கையில என்னக்கா இருக்கு? மேனேஜர் ஒத்துக்க மாட்டார்."

"பாதியாவது தள்ளுங்க."

"சல்லிக்காசு குறையாது."

இப்படியே இழுத்துக்கொண்டு போனது. அவள் இழுக்க இழுக்கப் பசை சாவகாசமாகக் காய்ந்தது. கடைசியில் அவன், "வேன்லயே வந்து பேசிக்கறேன்" என்று விறைப்பாக எழுந்தான்.

சர்ரென்று ஒரு சத்தம். அவன் எழுந்துவிட்டான், பேன்ட்டின் பின்பக்கம் எழவில்லை. எழுந்த வேகத்தில் திரும்ப உட்கார்ந்தான்.

"பசை தடவியிருந்தேன்மா" என்றது பெரிய சோபா.

"அதை இப்பத்தான் சொல்றதா, மனுஷா!"

"அக்கா, ஒரு தையல் போட்டுக் குடுங்கக்கா. இப்படியே எப்படி ரோட்டுல போவேன்?" வசூல் தம்பிக்குக் குரல் உடைந்தே போனது.

பூப்போட்ட திரைச்சீலைத் துணி ஒன்றை அவனிடம் தூக்கிப் போட்டாள். அதைச் சுற்றிக்கொண்டு பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, இது உங்க கம்பெனி சொத்தாச்சே. சாயங்காலம் வேற தூக்கறீங்க. நான் தொடலாமா தம்பி?"

"அக்கா, இது மிரட்டல்."

"என் மாமியாருக்குப் போன் போட்டீங்களே, அதுக்கு என்ன பேரு?"

அவன் திரைச்சீலையோடு மூலையில் நின்றுகொண்டு மேனேஜருக்குப் போன் போட்டான். அரை மணி நேரம் கெஞ்சினான். இந்தக் கறார் அக்காவே தோற்றுப்போகிற மாதிரி அப்படி ஒரு பேரம்! அபராதம் தள்ளுபடி, பாக்கி பத்து மாதத் தவணையில், வேன் வராது என்று அவளுடைய போனுக்கு எழுத்தில் செய்தி வந்தது. இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் பெடலில் கால் வைத்தாள். கைக்குக் கிடைத்தது சிவப்பு ரெக்சின் துண்டு. அதையே வைத்துத் தைத்தாள்.

மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவன் கேட்டான்: "கூலி எவ்வளவுக்கா?"

சொன்னாள்.

"சில்லறை இல்லையே. அடுத்த தடவை வரும்போது தர்றேனே."

"தாராளமா குடுங்க தம்பி. உங்க மாமியார் நம்பரை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சட்டைப் பையிலேயே சில்லறை இருந்தது.