வைஃபையை விழுங்கிய பப்ஸ்

போன செவ்வாய்க்கிழமை வைஃபை ரிப்பேர் பார்க்க ஒருவன் வந்தான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி - "படிச்ச ஆளு யாராவது உண்டுமா பாட்டி?"

எனக்கு வந்ததே கோபம்! இரணியல் ஸ்டேஷன் பக்கம் முப்பது வருடமாக டீக்கடை நடத்துகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்காக, என் கடையில் நடப்பது எனக்குத் தெரியாதா?

"காலைல நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் நாலு மணி ஆனா விட்டு விட்டுப் போவுது" என்றேன்.

செல்போனைத் தட்டிப் பார்த்தான். "இங்க ஒரு குறையும் இல்ல. பக்கத்துக் கடை வைஃபை வந்து இடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்போது மணி பதினொன்று. கடையில் ஆளே இல்லை. குறை எப்படித் தெரியும்?

மறுநாள் நாலு மணிக்கு பெனிட்டா வந்தாள். நர்ஸ் படித்த பெண். குவைத் ஆஸ்பத்திரி வேலைக்கு செல்போனிலேயே இன்டர்வியூ. வீட்டில் சிக்னல் இல்லை என்று, என் 'வைஃபை உண்டு' போர்டை நம்பி வந்திருக்கிறாள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்றது.

"பாட்டி, போச்சு… மறுபடியும் போச்சு!" கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு.

நாலு மணிக் கூட்டத்துக்குப் பப்ஸ் சூடாகி, மைக்ரோவேவ் ஓவன் 'டிங்' என்றது. படம் வந்தது. அடுத்த பப்ஸ் உள்ளே போனது… படமும் போனது!

எங்கள் ஊர் மழைக்குத் தீப்பெட்டிகூட நமத்துப்போகும். அதனால் ஈரம் பட்டால் ஆகாத சாமான் எல்லாம் எங்களுக்கு ஓவன் மேலேதான். வைஃபை பெட்டியையும் நான்தான் அங்கே வைத்தேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், அந்த ஓவனில் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்துக் கடையைக் குற்றம் சொன்னானே படித்தவன்… அவனை என்ன சொல்ல?

ஓவன் பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னம்மா, பப்ஸ் சூடில்லியே?" என்றார் தினமும் வரும் ரிட்டயர்டு வாத்தியார்.

"ஒரு பிள்ளைக்க சோலி காரியம் சாரே. இன்னைக்கு ஆறினதைத் தின்னும்."

"ஆறினதைத் தின்னா எனக்கு நெஞ்சு கரிக்கும்லா?"

"அப்ப டீயை மட்டும் குடியும்!"

அரைமணி நேரம் கழித்து பெனிட்டா எழுந்தாள்.

"என்னாச்சு மக்களே?"

"முழுசும் பேசிட்டேன் பாட்டி. வெள்ளிக்கிழமை ரெண்டாவது ரவுண்டு. அதே நாலு மணி."

பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றியாகிவிட்டது. இனி ஓவன் ஓடினாலும் தொந்தரவு இருக்காதாம். இருக்கட்டும்…

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் - ஆறின பப்ஸ்தான்!