காசிம் பாய் கொடுத்த டைமிங் செயின்

"எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்" என்பார்கள் எங்கள் ஊரில். போர்ட் பிளேரில் என் டாக்ஸி படுத்த அன்று காசிம் பாய் ஷெட்டுக்குள் வந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கப்பல் வந்தால் ஜெட்டியில் சவாரிக்கு என்னோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். இருவர் காரும் ஒரே ரகம்.

"என்னாச்சு அண்ணாச்சி, பெல்ட்டா?"

"பெல்ட்டுன்னா நானே மாட்டியிருப்பேனே பாய். டைமிங் செயின் அறுந்துட்டு."

ஃபேன் பெல்ட் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டைமிங் செயின் இன்ஜினுக்குள் ஓடுவது. தளர்ந்தால் கடகடவென்று சத்தம்தான் கொடுக்கும். நான் அதைக் கேட்டும் ஓட்டினேன். புதுச் செயின் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வழியில்லை.

பாய் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய புதுச் செயினை என் கையில் வைத்தார்.

"மாட்டிட்டு ஜெட்டிக்கு வாரும். நீரு இல்லாம யார்கூடச் சண்டை போட?"

அவர் தன் காரைக் கிளப்பினார். அந்த இன்ஜினுக்குள்ளும் அதே கடகட சத்தம். ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

"பாய், இது உம்ம வண்டிக்கு வாங்கி வச்சதுல்லா? உம்ம செயினும் போகப்போவுதே."

"எனக்குப் போகப்போவுது. உமக்குப் போயிட்டே," என்றார். கிளம்பிவிட்டார்.

அன்றே மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்து அவருக்கு ஒரு செயினுக்குச் சொன்னேன். அது வந்து சேரும்வரை, போட்டிக்காரன் வண்டி நின்றுவிடக் கூடாதென்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட டாக்ஸிக்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.