ஆறு கால் போன நண்டு

உப்புநீர் ஏரியில் போட்டிருந்த வலையிலிருந்து ஒரு பெரிய பச்சை நண்டை அவசரத்தில் இழுத்துவிட்டேன். பத்துக் காலில் ஆறு வலையோடு போயிற்று. என் மனைவி பார்த்தாள். "நண்ட எடுத்துனு வாய்யான்னா, மிச்சத்த எடுத்துனு வந்துக்கிற."

அப்படிப்பட்டதை எந்த வியாபாரியும் வாங்க மாட்டார். அவளுக்கோ வெகுநாளாக ஓர் எண்ணம்: கழித்துப் போடும் நண்டுகளைப் பெட்டியில் வளர்த்து விற்றால், முழங்கால் வலியோடு கூடை சுமந்து பொன்னேரி சந்தைக்குப் போக வேண்டாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அதை விட்டுக் கரையோரத் தண்ணீரில் கட்டினாள். பிழைத்துக் கால் முளைத்தால் பத்துப் பெட்டி. செத்தால் பழையபடி கூடை.

அவளோடு சந்தைக்குப் போகும் அவள் தங்கை சிரித்தாள். "நடக்க முடியாததுக்குத் தனி ரூமாக்கா?"

"நல்லா தின்னுதுடி. மட்டிக் கறி போட்டா வுட மாட்டுது."

நான் போனில் தேடிப் படித்ததைச் சொன்னேன். நண்டு தன் மேலோட்டைக் கழற்றும்போதுதான் புதுக் கால் விரியுமாம். நண்டின் கண்காம்பிலிருந்து 'ஓட்டைக் கழற்றாதே' என்று ஒரு சேதி போய்க்கொண்டே இருக்குமாம். கால்கள் பல போனால் 'சீக்கிரம் கழற்று' என்று இன்னொன்று. தலைப்பக்கத்தில் ஒரு சுரப்பி. அதன் செல்லுக்கு இரண்டும் வந்து சேரும். செல் இரண்டையும் கேட்டு, எது ஓங்குகிறதோ அதற்கேற்ப மரபணுக்களை முடுக்கும், அல்லது அடக்கும். தடுக்கும் சேதி மெலிந்தால், ஓடு கழற்றவைக்கும் சுரப்பு ரத்தத்தில் ஏறும்.

"இத்தப் படிக்கணுமா?" என்றாள் மனைவி. "பொண்ணு குடுக்கற கததான். அப்பன் வேணாம்பான், மாமன் குடுன்னுவான். வேணான்றவன் கொரலு எறங்கனா கல்யாணம்."

நான் அரைமணி நேரம் சொன்னதை அவள் மூன்று வரியில் முடித்துவிட்டாள்.

சில வாரங்களில் கால் போன இடங்களில் மொட்டு மொட்டாக வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைத் திறந்த தங்கை குரல் தாழ்த்திச் சொன்னாள்: "அசையாம கீதுக்கா. செத்துப் பூட்ச்சி போல."

மனைவி கையை விட்டு எடுத்தாள். எடையே இல்லை, வெறும் ஓடு. மூலையில், தொட்டால் அமுங்கும் பதத்தில், நண்டு உட்கார்ந்திருந்தது. ஆறு புதுக் கால்களும் சின்னச் சின்னதாய் இருந்தன.

"குட்டிக் காலுதான்," என்றாள் தங்கை, விட்டுக்கொடுக்காமல்.

"அடுத்த தபா கழட்டும்போது பெர்சாவும். நீ போய் டீ போடு."

மறுநாள் விடியலில் தங்கையை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் ஷேர் ஆட்டோ வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மனைவி படுத்தபடியே என்னிடம், "நான் வரலன்னு சொல்லு. அப்பிடியே பொன்னேரில பத்து பெட்டி இன்னா வெலன்னு கேட்டுனு வரச் சொல்லு," என்றாள்.