மூடிய ஜன்னலும் லயத்துக் காம்பராவும்

பதுளையில் ஒரு பாமசிக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில் நேற்று ஒரு தொல்லை. புது மருந்து வந்தால் கணினி 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். திரையில் மூடிவிட்ட ஜன்னல்களும் சேர்ந்து ஒலித்தன. "மருந்து வந்தால் சொல்" என்று பெயர் கொடுத்த எதையும், சேதி அனுப்பும் 'ஈவென்ட்' என்ற பகுதி விடாமல் பிடித்து வைத்திருந்தது.

பிடியைத் தளர்த்தினேன். வீக் ரெஃபரன்ஸ். பெயர் ஞாபகம் இருக்கும், ஆளைப் பிடித்து வைக்காது.

இன்று பாமசி முதலாளி ஃபோன் செய்தார்.

"நேத்து செத்ததெல்லாம் கத்துச்சு. இன்னைக்கு உசுரோட இருக்க வேண்டியதும் கத்தலையே தம்பி?"

உண்மைதான். மணியடிக்கும் பகுதியை ஈவென்ட்டைத் தவிர வேறு எதுவும் பிடித்திருக்கவில்லை. அந்தப் பிடியும் தளர்ந்ததும், கணினி அதையும் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது.

பசறை பஸ்ஸில், கூட வேலை செய்யும் சுதாவிடம் புலம்பினேன். அவள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவள்.

"எங்க அக்கா பண்டாரவளையில கடையில நிக்கிறா. ஆனா தோட்டத்துப் பதிவுல இன்னும் பேர வெட்டல. அப்பப்ப வந்து கொழுந்து எடுத்துட்டுப் போவா."

"எதுக்கு?"

"பேரு போனா, தோட்டம் குடியிருக்கக் குடுத்த காம்பராவும் போயிரும். அம்மா எங்க போவாங்க?"

வேலை முடிந்ததையும் விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கு, நான் படித்த புத்தகத்தில் பெயர் மெமரி லீக். நல்லவேளை, வாய் திறக்கவில்லை.

இப்போது குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பிடியை இறுக்குவதா, தளர்த்துவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "தேவையில்லாததை வெட்டிவிடு" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதைச் சுதாவின் அம்மா முன்னால் என்னால் திருப்பிச் சொல்ல முடியாது.