ஒன்றுமே செய்யாத கங்காணி

எங்கள் தோட்டத்து நாற்றுமேடைக் கங்காணி செபஸ்தியாம்பிள்ளைக்கு உலகத்தில் இரண்டே விஷயங்களில்தான் அக்கறை. ஒன்று, தேயிலைக் கன்று. மற்றது, மனிதன் குரங்கிலிருந்து வரவில்லை என்பது. முதல் வேலைக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. இரண்டாவதை அவர் இலவசமாகவே செய்தார்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி வளைவில் இருக்கிறது எங்கள் தோட்டம். நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர். இருபது வருடத்துக்கும் மேலாக அவரை எனக்குத் தெரியும். பிறப்பால் கத்தோலிக்கர்; நாற்பது வயதில் பாஸ்டர் ஜூலியனின் சபையில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் வந்த வேகம் அறுபது வயதிலும் குறையவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கிறவர்களில் யார் அகப்பட்டாலும், "கூடை ஒன்னு இருந்தா பின்னுனவன் ஒருத்தன் இருக்கணுமா இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார். இப்போது முதுகில் தொங்குவது கூடையே இல்லையே, நைலோன் சாக்குத்தானே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சாக்குக்கும் தைத்தவன் உண்டு என்று அதற்கும் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவர் ஒரே மகளைக் கொடுத்து, அவளை விஞ்ஞான ஆசிரியையாகவும் ஆக்கி வேடிக்கை பார்த்தார். மகள் ஜெரோமி டவுன் பள்ளிக்கூடத்தில் கூர்ப்புப் பாடம் நடத்துகிறாள். உயிர்களெல்லாம் இலட்சக்கணக்கான வருடங்களில் சிறுகச் சிறுக மாறி வந்தன என்று பகலில் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறு நாளில் எல்லாம் முடிந்தது என்கிற வீட்டுக்குச் சாயங்காலம் திரும்புவாள். லயத்து வரிசை வீடுகளின் சுவர் மெல்லியது. அடுத்த காம்பிராக்காரர்கள் அந்த வாதத்தைக் கேட்டே பாதி விஞ்ஞானமும் பாதி வேதாகமமும் படித்துவிட்டார்கள்.

அப்பாவின் பெரிய ஆயுதம் ஒரு கேள்வி. கொரங்கிலிருந்து மனுசன் வந்திருந்தா இன்னும் ஏன் கொரங்கு இருக்கு? இதைக் கேட்டுவிட்டு அவர் சாய்ந்து உட்காரும் தோரணையே தனி. ஒருநாள் ஜெரோமி சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"நம்ம ஆளுங்க இந்தியாவுலேர்ந்துதான் வந்தாங்க. அதுக்காக இந்தியாவுல ஆளே இல்லாம போயிருச்சாப்பா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் நாற்றுமேடையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கொரங்கு கடல் தாண்டாது என்றார். ராமாயணம் படித்த ஆட்கள் பெரட்டில் நிறையப் பேர் இருந்ததால் அந்த வாதம் அங்கேயே செத்தது.

இனி அந்தக் கன்றின் கதை. ஒரு மழை வருடத்தில் கொப்புள நோய் வந்து பன்னிரண்டாம் நம்பர் மலை முழுவதும் இலை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துபோனது. பழைய விதைத் தேயிலை மலை அது. அதன் நடுவில் ஒரேயொரு செடி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சையாக நின்றதைக் கங்காணிதான் கண்டார். செடி வெட்டும் கவ்வாத்துக்காரர்கள் கையில் அகப்படாமல் அதை மரமாக வளரவிட்டார். விதை பொறுக்கி, நாற்றுமேடையின் ஒரு மூலையில் போட்டார். முளைத்ததில் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு மாதிரி. மழைக்கு எது பொரிந்ததோ அதைப் பிடுங்கினார். எது தாங்கியதோ அதை வைத்துக்கொண்டு, அது காய்த்ததும் அதன் விதையைப் போட்டார். மறுபடி பிடுங்கினார், மறுபடி போட்டார். இப்படியே பதினெட்டு வருடம். ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்த கையோடு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

இதைப் பார்த்துவிட்டு ஜெரோமி, என் பாடப்புத்தகத்தை நீங்கள் மண்ணில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு வந்த கோபத்தை அந்தத் தோட்டமே பார்த்தது. "நல்லத வெச்சுக்கிட்டேன், கெட்டதப் புடுங்குனேன். இதுக்குப் பேரு தோட்ட வேல" என்று கத்தினார். அவர் மனைவி அந்தோனியம்மா, ஆண்டவரையும் குரங்கையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து சாப்பிடும்படி இரண்டு பேருக்கும் உத்தரவு போட்டாள்.

போன வருடம் விஷயம் பெரிய துரையின் காதுக்கு எட்டியது. துரை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, கங்காணி தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்ல என்று விசாரணை நடந்தது. இந்தக் கன்று எப்படி வந்தது, நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

சபையில் இருபது வருடம் சாட்சி சொல்லிப் பழகிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஒன்னுமே செய்யலைங்க. எல்லாம் அவரு செஞ்சது" என்றார்.

கிளாக்கர் வேலையில் நான் துரை சொன்னதைக் குறைத்தும் தொழிலாளி சொன்னதை மெழுகியும்தான் மொழிபெயர்ப்பது வழக்கம். அன்றைக்கென்று பார்த்து, சொன்னதைச் சொன்னபடியே சொல்லித் தொலைத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசியில் கங்காணியின் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். அதுதான் வினையானது. பெயரை எழுதிக்கொண்டு போனார்கள், தான் பென்சனுக்குப் போவதற்குள் கன்றுக்குப் பக்கத்தில் பலகையில் போடுவார்கள் என்று அவர் நம்பிவிட்டார். தன் பெயரைச் சம்பளப் பட்டியலுக்கு வெளியே எழுத்தில் பார்க்கும் ஆசை அவருக்கு வந்திருந்தது. பலகை திறக்கும் விழாவுக்குத் துரை நாள் குறித்ததும் வெள்ளைச் சட்டை தைத்தார். பாஸ்டரையும் அழைத்தார், மகளையும் லீவு போடச் சொன்னார்.

அதிகாரியின் அறிக்கையில் அவரைப் பற்றி 'தகவல் தந்தவர்' என்று மட்டும் இருந்தது எனக்குத் தெரியும். பலகைக்கான வாசகத்தைத் துரை சொல்லத் தட்டச்சு செய்தவனும் நான்தான். இரண்டு நாள் அதை மேசையில் வைத்துக்கொண்டு அவரைத் தினமும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பென்சன் இருக்கிறது.

விழா நடந்தது. பாஸ்டர் ஜூலியன் ஜெபித்து, இதிலே மனிதக் கை ஒன்றுமில்லை, முழுக்கக் கர்த்தருடைய கை என்றார். கங்காணி பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் முன்னால் "ஆமென்" என்றார். அடுத்து விஞ்ஞான ஆசிரியை என்று ஜெரோமியைப் பேசச் சொன்னார்கள். மேடையேறியவள், பாஸ்டருக்குப் பதில் சொல்லும் வேகத்தில், இது யாரும் படைத்ததல்ல, மழையும் நோயும் சேர்ந்து இயற்கையே தேர்ந்தெடுத்தது என்றாள். துரை கடைசியாக எழுந்து, இயற்கைக்கும் இறைவனுக்கும் நன்றி சொல்லி, முகாமைத்துவத்தின், அதாவது தன் நிர்வாகத்தின், தொலைநோக்கையும் சேர்த்துக்கொண்டார். இத்தனை வருடம் எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் அன்றைக்கு ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. செபஸ்தியாம்பிள்ளை அதைச் செய்யவில்லை.

எல்லாரும் வடை தின்று தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் நின்றார். 'இத்தோட்டத்தில் இயற்கையாகத் தோன்றி, முகாமைத்துவத்தினால் பேணி வளர்க்கப்பட்ட இனம்.' தமிழை இரண்டு முறை வாசித்தார். சிங்களத்தை எழுத்துக் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"இங்கிலீசுலயாவது பேரு இருக்குங்களா ஐயா?"

இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் தலையாட்டிக்கொண்டார். நான் நினைத்ததுபோலத் துரையைத் திட்டவில்லை, என்னையும் கேட்கவில்லை. கன்றின் அடியில் முளைத்திருந்த ஒரு புல்லைப் பிடுங்கிப் போட்டார், அவ்வளவுதான்.

ஜெரோமி வடையோடு வந்தவள் பலகையைப் படித்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்; தட்டைக் கீழே வைத்தாள். மேடையில் உங்கள் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதாள்.

அவர் அவள் தோளில் கை வைத்தார்.

"அழுவாதம்மா. இத்தன வருசமா ஆண்டவருக்காக உங்கூட சண்ட போட்டேன். செஞ்சது கண்ணு முன்னால நிக்கிது, செஞ்சவன் பேரு மட்டும் இல்ல. அவருக்கு எப்புடி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் வெளங்குது."