சுடாத முப்பது பேர்

சம்பூர்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆயுதப்படையில் இருபத்தெட்டு வருஷம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? ஒருமுறை, அரைகுறையாகப் பழகிய ஒருத்தி சுடும் இடத்தில் துப்பாக்கியோடு திரும்பிவிட்டாள். பக்கத்தில் நின்ற கூட்டாளி மரியம்மாளின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று முதல், சுடத் தெரியாதவள் கையில் துப்பாக்கியைப் பார்த்தால் சம்பூர்ணத்துக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஓய்வு பெற்று ஏனாத்தூரில் இருந்தவளைத் தேடி ராமராஜன் வந்தான். நேற்றுவரை அரசு அலுவலகங்களுக்குப் பெருக்க ஆள் அனுப்பிய ஒப்பந்தக்காரன். இப்போது அரசுக் கிடங்குகளுக்குக் காவல் போகும் முப்பது பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் டெண்டரைப் பிடித்திருந்தான். துடைப்பத்துக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாத பயலுக்கு இப்படி ஒரு டெண்டர்! பயிற்சி முடிந்ததென்று அனுபவமுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நானே கத்துக்குடுப்பேன், அப்பறந்தான் கையெழுத்து" என்றாள். தாமல் ஏரிக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் பத்து நாள் பிடிக்கவும் படுக்கவும் குறி பார்க்கவும் பழக்கினாள். சுட வேண்டிய வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து வந்தபோது ராமராஜன் முப்பது இலக்குத் தாள்களை மேசையில் பரப்பினான்.

"எல்லாரும் சுட்டாச்சும்மா. ஆளுக்கு இருவது ரவுண்டு. ஆபீசர் மேடம் வந்துக்கினு இருக்காங்க, கையெழுத்து போட்டுடுங்க."

சம்பூர்ணம் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். குண்டு துளைத்தால் தாள் கிழியும், விளிம்பு பிசிறும், சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். இதில் ஒன்றுமில்லை. பொட்டு வைத்ததுபோல் எல்லாம் ஒரே அளவு வட்டம். அட எமகாதகா!

"எந்த எடத்துல அட்டை அடிச்ச?"

"என்னம்மா சொல்றீங்க?"

"முந்தானை டிசைனுக்கு அட்டையில ஓட்ட போடற மிஷின்ல குடுத்து அடிச்சினு வந்துக்கீற. பட்டுத்தறி ஓடற பிள்ளையார்பாளையத்துல பொறந்தவகிட்டயே காட்டற பாரு!"

ராமராஜனின் மரியாதை அந்த நிமிஷமே கழன்றது. "தோட்டா, அனுமதின்னு அலைஞ்சா ஆறு மாசமாவும். உன் அனுபவ சர்ட்டிபிகேட்ட டெண்டர்ல வச்சாச்சு. வாயத் தொறந்தா நீயுந்தான் மாட்டுவ."

ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி காயத்ரி உட்காரக்கூட இல்லை. "போட்டுடுங்கம்மா. திங்கக்கிழமை இவங்களுக்கு டியூட்டி இருக்குது."

சம்பூர்ணம் பயிற்சிப் பெண்களில் முன்வரிசையில் நின்ற சங்கீதாவைக் கூப்பிட்டாள். "மேடம், இந்தப் பொண்ணு இருவதும் நடுவுல போட்டுக்குதாம், தாள் சொல்லுது. தோட்டா வரவழைங்க. ராமராஜா, நீ போயி அந்தக் குறிப் பலகைக்கு மூணடி தள்ளி நில்லுபா. சுடட்டும்."

ராமராஜன் அசையவில்லை. அவன் முகம் வெளுத்ததை முப்பது பேரும் பார்த்தார்கள். சங்கீதாவுக்குத்தான் அழுகை பீறிட்டது.

"ஒரு குண்டுகூட சுடல மேடம். சுட்டோம்னு சொல்லச் சொன்னாரு."

சம்பூர்ணம் சான்றிதழை எடுத்தாள். 'முப்பது பேரில் ஒருவரும் சுடவில்லை' என்று நிதானமாக எழுதி, அதன்கீழ் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் நீட்டினாள். காயத்ரி அதை நெருப்பைத் தொடுவதுபோல் வாங்கிக்கொண்டார்.

ஒப்பந்தம் ரத்தானது. பயிற்றுநர் பட்டியலில் சம்பூர்ணத்தின் பெயரையும் அடித்துவிட்டார்கள். ராமராஜனுக்கு வேறு துறையில் வேறு டெண்டர் கிடைத்தது, அவனுக்கென்ன கேடு. முப்பது பெண்களுக்கு மட்டும் திங்கட்கிழமை வேலை இல்லை.

அடுத்த வாரம் சங்கீதா ஏனாத்தூருக்கே வந்து, தெருவே பார்க்க மண்ணை வாரித் தூற்றினாள். "என் வாயாலயே சொல்ல வச்சு என் சோத்துல மண்ணப் போட்டியே! நீ நல்லா இருப்பியா?"

சம்பூர்ணம் தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை.

"திட்டுடி. உசுரோட இருந்து நல்லா திட்டு."